குதிரைக் கால் காயம்: மாட்டு வைத்தியத்தால் வரும் தவறுகள்

டெல்டாக்காரர்களுக்கு மாட்டுக்குப் பக்குவம் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொம்பு முறிந்தாலும், குளம்பில் ஆணி ஏறினாலும் தெருவில் நாலு பேர் வந்து ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பெரும்பாலும் மாடும் பிழைத்துக்கொள்ளும். குதிரைக்குக் காயம் பட்டாலும் அதே நாலு பேர்தான் வருகிறார்கள், அதே வைத்தியத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் புண் ஆறும் விதம், நிற்கும் விதம், தின்றதைச் செரிக்கும் விதம் மூன்றிலும் குதிரை வேறு. காயத்தில் சாகாத குதிரை பக்குவத்தில் செத்துப்போவது இதனால்தான்.

எங்கள் வீட்டுச் செவலைப் பெட்டைக் குதிரை ஒரு புரட்டாசியில், குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, அறுவடை மெஷின் சத்தத்துக்கு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு தென்னந்தோப்பு முள்கம்பி வேலியில் பாய்ந்துவிட்டது. இடது பின்னங்காலில், முட்டிக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்குத் தோல் உரிந்து தொங்கியது. உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அது மறுபடி நிம்மதியாக நடக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தில் நான் செய்த தவறுகளும், செய்ய இருந்து யாரோ தடுத்த தவறுகளும்தான் இங்கே எழுதியிருப்பவை.

முதல் தவறு ரத்தத்தைக் கண்டு பதறுவது. 300 கிலோ குதிரையின் உடம்பில் 22 லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் இருக்கும். தரையில் ஒரு சொம்பு ரத்தம் கொட்டிக் கிடந்தால் பார்க்கப் பயங்கரமாக இருக்குமே தவிர, அதனால் மட்டும் உயிர் போகாது. சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே துணியைத் தூக்கிப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஒழுகும். காயத்துக்கு மேலே கயிற்றை முறுக்கிக் கட்டவே கூடாது. ஆணியோ கம்பியோ ஆழமாகக் குத்தி நின்றால் டாக்டர் வரும்வரை பிடுங்காதீர்கள். அது எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை அவர் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது வாய்க்கால். சேறு போகட்டும் என்று குதிரையை ஓட்டிப்போய் வாய்க்காலில் நிறுத்துவது நம் பக்கத்துப் பழக்கம். மேலே இருக்கும் வயலின் உரமும் பூச்சிமருந்தும் சாணமும் கரைந்த தண்ணீர் அது. போர் தண்ணீரை மெல்லிய தாரையாக விட்டுச் சேற்றைக் கழுவுங்கள். அப்புறம் உப்புநீர்: ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, 9 கிராம் தூள் உப்பு, அதாவது தேக்கரண்டியால் தலை தட்டி ஒன்றரை அளவு, கலந்தால் போதும். உப்பு கூடினால் எரியும், திசுவும் கெடும். புண்ணுக்குள் மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், காப்பித்தூள், நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். கிருமி சாகிறதோ இல்லையோ, புதிதாக வளர வேண்டிய செல்கள் செத்துப்போகும். வேப்பெண்ணெயை விட மனமில்லை என்றால் புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலில் தடவுங்கள், ஈ அண்டாது.

பெரிய புண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் சின்ன ஓட்டையைப் பார்த்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட மோசமான தவறு இல்லை. மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு முள் குத்திய அளவு துவாரம் இருந்து, அதிலிருந்து வெளிர் மஞ்சளாக, விரலில் தொட்டுப் பிரித்தால் நூல் விடுகிற நீர் கசிந்தால், அது மூட்டுக்குள் இருக்கும் நீர். கிருமி உள்ளே போய்விட்டது என்று பொருள். அன்றைக்கே மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்தால்தான் கால் மிஞ்சும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் நொண்டியாகவே நின்றுவிடும். ஊரில் மாட்டு டாக்டர்தான் இருப்பார், அதில் தப்பில்லை. அவரிடம் மறைக்காமல் சொல்லி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண் இருக்கிறது.

இன்னொன்று ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். மாட்டுக்கு இது அபூர்வம். அதனால்தான் நமக்கு அதன் பயம் தெரியாது. குதிரைக்கோ மிக எளிதில் பிடிக்கும். அந்தக் கிருமி சாணம் கலந்த மண்ணில்தான் கிடக்கிறது. காயம் ஆறுகிற மாதிரி இருக்கும், ஒரு வாரமோ மூன்று வாரமோ கழித்துக் கழுத்து விறைக்கும், காது நிமிர்ந்து நிற்கும், கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைத் தோல் விழியை மூடிக்கொண்டு வரும். அதற்குப் பிறகு காப்பாற்றுவது கஷ்டம். காயம் பட்ட அன்றே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது தடுப்பூசியைத்தான்.

சரி, தையல் போட்டாயிற்று, அல்லது தோல் போதாமல் திறந்த புண்ணாகவே விட்டாயிற்று. இனிமேல்தான் பொறுமை வேண்டும்.

குதிரையின் முழங்காலுக்கும் பின்முட்டிக்கும் கீழே சதையே கிடையாது. எலும்பு, தசைநார், மேலே தோல், அவ்வளவுதான். அதனால் முதல் இரண்டு வாரம் புண் சுருங்காமல் பெரிதாகும். இது தெரியாமல் மருந்து சரியில்லை என்று டாக்டரை மாற்றி, களிம்பை மாற்றி அல்லாடுகிறவர்கள் நிறைய. அப்புறம் ஓரத்திலிருந்து புதுத்தோல் நகர ஆரம்பிக்கும். கீழ்க்காலில் அதன் வேகம் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஒரு சென்டிமீட்டர் மூட நூறு நாள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் புண்ணின் நடுவில் சிவப்பாக, சொரசொரப்பாக இளஞ்சதை பொங்கி வரும். தோல் மட்டத்துக்கு மேலே அது எழும்பிவிட்டால் புதுத்தோல் அதன்மேல் ஏற முடியாமல் ஓரத்திலேயே நின்றுவிடும். இதற்கு ஊரில் சொல்லும் மருந்து மயில்துத்தம், அதாவது காப்பர் சல்ஃபேட். பொடி செய்து அப்பினால் பொங்கிய சதை கருகும், உண்மைதான். கூடவே நூறு நாளில் நகர்ந்து வந்த தோல் விளிம்பும் கருகும். டாக்டர் கத்தியால் சீவிவிடுவார். அந்தச் சதைக்கு நரம்பு கிடையாது, குதிரைக்கு வலிக்காது. ரத்தம் மட்டும் நிறைய வரும், பார்த்துக் கலங்க வேண்டாம்.

கட்டுப் போடுவதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். கட்டு நழுவுகிறதே என்று ஒரு நாள் சாயங்காலம், பஞ்சு தீர்ந்துபோன நிலையில், கிரேப் பேண்டேஜை மட்டும் இழுத்து இறுக்கிச் சுற்றிவிட்டேன். ராத்திரி செவலை காலை உதறிக்கொண்டே இருந்தது, கட்டைக் கடிக்கவும் பார்த்தது. குறும்பு என்று அதட்டினேன். மறுநாள் மாலை அவிழ்த்தபோது கட்டுக்கு மேலே கால் உப்பியிருந்தது. கட்டின் மேல்விளிம்பு இருந்த இடத்தில், பின்பக்கத் தசைநாரின் மீது, விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். தொட்டால் ஈரம். பத்து நாளில் அந்த இடத்து முடி உதிர்ந்து, அப்புறம் வெள்ளையாக முளைத்தது. செவலைக் காலில் அந்த வெள்ளை வளையம் இன்றும் இருக்கிறது. கட்டியது நான்தான் என்று தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, பஞ்சு இல்லாமல் கட்டாதீர்கள். ஓர் அங்குலத்துக்குக் குறையாத பஞ்சு மெத்தை, சுருக்கமில்லாமல் காலைச் சுற்றி ஒரே கனமாக இருக்க வேண்டும். அதன்மேல் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதி மூடும்படி. இழுக்கிற இழுப்பு முன்பக்கம் எலும்பின் மேல் விழட்டும், பின்பக்கத் தசைநாரில் விழக்கூடாது. கடைசியில் மேல்விளிம்பில் ஒரு விரல் நுழைய வேண்டும். ஈரமானால் உடனே மாற்றுங்கள், ராத்திரி இரண்டு மணியானாலும் சரி. குதிரை கட்டைக் கடித்தால் முதலில் கட்டைச் சந்தேகப்படுங்கள், பிறகு குதிரையை அதட்டலாம்.

மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். மயிலாடுதுறை பக்கம் ஜட்கா ஓட்டிய ஒரு பெரியவர் பார்க்க வந்தார். நான் கட்டை அவிழ்த்துக் காட்டப் போனேன். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"புண்ணைப் பார்த்தது போதும் தம்பி. நல்ல காலைத் தொட்டுப் பாரு."

வலது பின்னங்கால் குளம்பில் உள்ளங்கையை வைத்தேன். மற்றக் குளம்புகளைவிடச் சூடாக இருந்தது.

மாடு வலித்தால் படுத்துக்கொள்ளும், படுத்தபடியே அசை போடும். குதிரை நின்றே காலம் தள்ளும் பிராணி. ஒரு காலை ஊன்ற முடியாவிட்டால் எதிர்க்கால் ராத்திரி பகலாகப் பாரம் தாங்கும். குளம்புக்குள் இருக்கும் எலும்பு, குளம்புச் சுவரில் நகமும் சதையும் போல ஒட்டித் தொங்கிக்கொண்டிருக்கிறது. கால் மாற்றிக் கால் வைத்தால்தான் அந்த ஒட்டுக்கு ரத்தம் ஓடும். மாற்றாமல் நின்றால் ஒட்டு விட்டுப்போய், எலும்பு அடிப்பக்கம் இறங்கிவிடும். லேமினைட்டிஸ் என்பது இதுதான். அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பி வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு, இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்கால் முறிந்தது. உலகத்தின் சிறந்த வைத்தியம் பார்த்தார்கள். கடைசியில் மற்றக் கால்களில் வந்த லேமினைட்டிஸ் தாங்காமல் 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. அந்த வசதிக்கே அந்தக் கதி என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்.

எனவே காலையும் மாலையும் நாலு குளம்பையும் தொட்டுப் பாருங்கள். குளம்புக்கு மேல் மூட்டின் பின்பக்கம் இரு ஓரத்திலும் விரலை வைத்தால் நாடி கிடைக்கும். வழக்கத்தைவிட அது துள்ளினால், குளம்பு சூடானால், அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். நல்ல காலுக்கும் ஒரு கட்டு, காலடியில் முழங்கை அளவுக்கு மெத்தை, இரண்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும். வலி மருந்தைக் குறைத்தால் குதிரை காலை அசைக்காமல் இருக்கும், புண் சீக்கிரம் ஆறும் என்று ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. வலி இருந்தால் புண்பட்ட காலை ஊன்றவே ஊன்றாது, பாரமெல்லாம் எதிர்க்காலுக்குப் போகும். அதற்காக மருந்துக்கடையில் மனிதருக்கான வலி ஊசியை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். டைக்ளோஃபினாக்கைக் கால்நடைக்குப் போடுவது, பிணந்தின்னிக் கழுகுகளை அழிக்கிறது என்று 2006ஆம் ஆண்டே தடை செய்யப்பட்டது. எந்த வலி மருந்தானாலும் அளவு தப்பினால் குதிரையின் வயிற்றிலும் சிறுநீரகத்திலும் புண் உண்டாக்கும்.

தீனி விஷயத்தில் பாசம்தான் எதிரி. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்கள். ஆனாலும் காயம் பட்ட குதிரை தேறட்டும் என்று வண்டி இழுத்த காலத்து அளவுக்கே கொள்ளும் தவிடும் வைப்பார்கள். வேலை இல்லாத குதிரைக்கு அந்தச் சத்தே விஷம், லேமினைட்டிஸையும் வயிற்று வலியையும் கூட்டிக்கொண்டு வரும். தானியத்தை முதல் நாளே பாதிக்கும் கீழே இறக்கிவிடுங்கள். அடுத்த பக்கம், வைக்கோலை மட்டும் போட்டு வைப்பதும் தப்பு. மாட்டுக்கு அசை போட்டுக் கரைக்கிற வயிறு. குதிரைக்கு அது இல்லை, வைக்கோல் குடலில் கட்டிக்கொண்டு நிற்கும், வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. அருகும், தீவனத்துக்கென்று வளர்க்கிற கோ புல்லும்தான் பிரதானம். காய்ந்த கணக்கில் 300 கிலோ குதிரைக்கு நாலரை முதல் ஆறு கிலோ, சிறிது சிறிதாகப் பல வேளை. தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்கட்டும். கோழித்தீவனம் கிட்டே வரக்கூடாது. அதில் கலக்கும் மொனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தையே நிறுத்திவிடும். லத்தியை எண்ணுங்கள். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை போட வேண்டியது நாலாகக் குறைந்தால் ஏதோ சரியில்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. கொட்டகைத் தரை களிமண், ஊறிப்போய் மேலே தண்ணீர் நின்றது. உமியைக் கொட்டினேன். அது கட்டின் இடுக்கில் புகுந்து புண்வரை போய்விட்டது. கடைசியில் செங்கல் பரப்பி மேடாக்கி, மேலே இழைப்புத் தூள் போட்டோம். மழைக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது. கொசுவுக்கு மாட்டுக்கொட்டகை மாதிரி மூட்டம் போடாதீர்கள், குதிரையின் நுரையீரலுக்குப் புகை ஆகாது. கொசுவலைதான் நல்லது. தனியாகக் கட்டினால் குதிரை ஏங்கும், சுற்றிச் சுற்றி வந்து காலைக் கெடுத்துக்கொள்ளும். செவலைக்கு ஓர் ஆட்டுக்குட்டியைத் துணைக்குக் கட்டினோம், இரண்டு நாளில் அமைதியானது.

மார்கழி பிறந்ததும் ஆசை வந்துவிடும். காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர் எல்கைப் பந்தயம் இருக்கிறதே, புண் மூடிவிட்டதே, ஓட்டிப் பார்க்கலாமா என்று. தோல் மூடியதற்கும் கால் தேறியதற்கும் சம்பந்தம் இல்லை. தசைநார் அறுந்திருந்தால் பழைய வேலைக்குத் திரும்ப ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். டாக்டர் அனுமதித்த பிறகு, கையில் பிடித்துக்கொண்டு, கெட்டியான சமதரையில் ஐந்து நிமிட நடையில் ஆரம்பியுங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். வயல் வரப்பும் சேறும் வேண்டாம். நடந்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் கழித்தும், மறுநாள் காலையிலும் காலைத் தடவிப் பாருங்கள். சூடோ வீக்கமோ தெரிந்தால் முந்தைய வாரத்து அளவுக்கே திரும்பிப் போய், அங்கே பத்து நாள் நில்லுங்கள்.