டில்லியிலிருந்து பாலாற்றங்கரை வரை: நெடும்பயணத்தை முடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் குடியாத்தத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், ரயில் பார்சலில் அனுப்பிய தம் மோட்டார் சைக்கிளை டில்லியில் எடுத்துக்கொண்டு, ஜெய்ப்பூர், உதய்ப்பூர், அகமதாபாத், மும்பை, புணே, பெங்களூரு வழியாகச் சென்னை வரை வரும் பழைய நெடுஞ்சாலையில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். தாவணகெரேயில் தேநீருக்கு நின்ற இடத்திலிருந்து வண்டியின் பக்கவாட்டுப் படம் ஒன்றை எனக்கு அனுப்பினார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செயினின் கீழ்ப்பகுதி கயிற்றூஞ்சல்போலத் தொய்ந்து கிடந்தது. உடனே அழைத்துச் சொன்னேன். "தெரியும் அண்ணா, இன்னும் ஒரு நாள்தானே, ஊருக்கு வந்து பார்த்துக்கிறேன்" என்றார். எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே சாலையில் நான் சொன்ன சொற்களும் இவைதாம். அவற்றின் விலை எனக்குத் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

தலைக்கவசம், வண்டியின் ஆவணங்கள், இரவுப் பயணம், மழைச்சட்டை ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பயணம் முடிகிற கட்டத்தில் மட்டும் நேர்கிற தவறுகளைப் பற்றியே இங்கே சொல்லப்போகிறேன்.

சாலையின் எண்ணை நம்பி வழியைத் தீர்மானிப்பது

இந்தச் சாலை 2010 வரை இரண்டு எண்களில் வழங்கியது. டில்லியிலிருந்து மும்பை வரையிலான 1,428 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலை 8 என்றும், மும்பையை ஒட்டிய தாணேயிலிருந்து சென்னை வரையிலான 1,235 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலை 4 என்றும் குறிக்கப்பட்டன. அந்த ஆண்டில் எண்கள் மாற்றப்பட்டபோது, இரண்டின் பெரும்பகுதியும் சேர்ந்து 48 ஆயிற்று. பெரும்பகுதி என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். பழைய 4ஆம் எண் சாலை பெங்களூருவிலிருந்து கோலார், முல்பாகல், சித்தூர் வழியாக ராணிப்பேட்டைக்கு வந்தது. இன்றைய 48 ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக வருகிறது. இதில் கிருஷ்ணகிரிக்கும் ராணிப்பேட்டைக்கும் இடைப்பட்ட பகுதி முன்பு 46 என்ற தனிச் சாலையாக இருந்தது. போதாக்குறைக்கு, பழைய வரைபடங்களில் 48 என்று போட்டிருப்பது பெங்களூருவிலிருந்து மங்களூருக்குப் போகும் சாலை. ஆகவே, 'பழைய பம்பாய் சாலை முழுவதையும் ஓட்டி முடித்தேன்' என்று சொல்பவர்களில் பலர், பெங்களூருவுக்குக் கிழக்கே அந்தச் சாலையைத் தொடாமலே வந்திருக்கிறார்கள். இரண்டில் எந்த வழி என்பதை டில்லியில் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். நான் வேலூர் வழியையே சொல்வேன். அதன் காரணம் பின்னால் வருகிறது.

மும்பை–புணே விரைவுச் சாலையில் இரு சக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதற்காக வருந்த வேண்டாம். 1830இல் திறக்கப்பட்ட போர்காட் மலைப்பாதையை ஒட்டி, கண்டாலா, லோனாவாலா வழியாகச் செல்லும் பழைய சாலைதான் நமக்கு வேண்டிய சாலை.

"ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்"

கவனமாக வண்டி ஓட்டுபவர்களும் இந்தத் தவறில் விழுகிறார்கள். புறப்படும் நாளில் ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்தவர், பாதி வழி தாண்டியதும் காதில் விழும் புதிய சத்தத்தைக் குறித்து வைத்துக்கொள்ளத் தொடங்குகிறார். சரிசெய்வதை ஊருக்கென ஒத்திப்போடுகிறார். வெளியூரில் மொழி தெரியாத தயக்கம், பழக்கமான பட்டறைக்காரரிடம் உள்ள நம்பிக்கை, பையில் குறைந்துகொண்டே வரும் பணம், வீட்டில் காத்திருக்கும் முகங்கள் என்று காரணங்கள் எல்லாமே நியாயமாகத் தோன்றும். தூரம் குறைகிறது என்பதால் ஆபத்தும் குறைகிறது என்று மனம் கணக்குப் போடுகிறது. வண்டியைப் பொறுத்தவரை, கடைசி 800 கிலோமீட்டர்தான் மிகத் தேய்ந்த உறுப்புகளுடன் ஓடும் 800 கிலோமீட்டர்.

என் வண்டி 150 சிசி. அதன் செயின் செட் ஏற்கெனவே 19,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ராஜஸ்தானின் புழுதி செயினில் இருந்த எண்ணெயோடு குழைந்து கரும்பசையாகிப் பற்களை அரைத்தது. புணேக்குத் தெற்கே பிடித்த மழை, மிச்சமிருந்த எண்ணெயையும் கழுவிவிட்டது. கோலாப்பூரில் பஞ்சருக்காக நின்ற ஒரு சிறிய பட்டறையில், அறுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் நான் கேட்காமலே குனிந்து, பின்சக்கரத்தின் பல்சக்கரத்தில் செயினை இரு விரல்களால் பற்றிப் பின்பக்கமாக இழுத்துக் காட்டினார். செயின் விலகி, பல் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தது. பற்களின் நுனி நேராக நிற்காமல், அரிவாள் மூக்கைப்போல ஒரே பக்கமாக வளைந்திருந்தது. மாற்றாமல் போகாதே என்று இந்தியில் இரண்டு முறை சொன்னார். செட் அவரிடமே இருந்தது. விலை 1,600 ரூபாய், ஒன்றரை மணி நேர வேலை. வேலூரில் என் மெக்கானிக் இதே வேலையை இன்னும் நன்றாகச் செய்வார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் மாலை ஏழு மணி சுமாருக்கு, கிருஷ்ணகிரியைக் கடந்து, நாட்றம்பள்ளி அருகே மேம்பாலம் ஒன்றில் ஏறும்போது செயின் அறுந்தது. வேலூருக்கு இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் இருந்தது. அறுந்த செயின் கீழே விழுந்திருந்தால் செலவு அதோடு போயிருக்கும். அது முன்புறச் சிறு பல்சக்கரத்தில் சுருண்டு திரண்டு, பக்கத்திலிருந்த இன்ஜின் கூட்டை உள்ளிருந்து இடித்து உடைத்தது. கையகல அலுமினியத் துண்டு ஒன்று சாலையில் கிடந்தது. என் காலணியின் மேல் சுடச்சுட இன்ஜின் ஆயில் வழிந்தது. பின்சக்கரம் இறுகாமல் இருந்ததும், பின்னால் வந்த லாரி தள்ளி வந்ததும் என் உயிரைக் காத்தன. 'குட்டி யானை' என்று சொல்லும் சிறிய சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்து, வண்டியைக் கயிற்றால் கட்டிப் படுக்கவைத்து ஊர் வந்து சேர்ந்தேன்.

கூடு உடைந்தால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்க முடியாத இடம் அது. இன்ஜினை இறக்கி, முழுவதும் பிரித்து, கூட்டை மாற்றி, மீண்டும் கோக்க வேண்டியிருந்தது. 13,400 ரூபாயும் 24 நாள்களும் ஆயின. பணத்தை மறந்துவிட்டேன். டில்லியிலிருந்து தொடர்ந்து ஓட்டி வந்த சாலையின் ஆம்பூர், பள்ளிகொண்டா பகுதிகளை, நான் பிறந்து வளர்ந்த மண்ணை, ஒரு சரக்கு வண்டியின் முன்இருக்கையில் உட்கார்ந்து கடந்ததை இன்றுவரை மறக்க முடியவில்லை. அந்தப் பெரியவர் இரண்டாம் முறை சொன்னபோதாவது கேட்டிருக்க வேண்டும் என்ற எரிச்சல், கிருஷ்ணகிரிப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வருகிறது.

செயின் நீள்கிறது என்று பேச்சில் சொல்கிறோம். உண்மையில் இரும்புத் தகடுகள் நீள்வதில்லை; ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஊசியும் அதைச் சுற்றியுள்ள குழலும் தேய்ந்து, கண்ணிகளுக்கு இடையிலான தூரம் சிறிது சிறிதாகக் கூடுகிறது. அப்போது செயின் பல்லின் அடியில் உட்காராமல் நுனியை நோக்கி ஏறுகிறது. பல பற்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய இழுவை ஓரிரு பற்களில் விழுகிறது. பட்டறைகளில் 'செயின் பிராக்கெட்' என்று சொல்லும் செட்டில் செயினும் இரண்டு பல்சக்கரங்களும் சேர்ந்தே வருவது இதனால்தான். செயினை மட்டும் மாற்றிப் பணத்தை மிச்சப்படுத்தினால், பழைய பற்கள் புதிய செயினையும் சீக்கிரம் தின்றுவிடும்.

சோதிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கோலாப்பூர்க்காரர் செய்ததைப்போல இழுத்துப் பாருங்கள். பின்சக்கரத்தை மெல்லச் சுற்றி, நான்கைந்து இடங்களில் செயினின் கீழ்ப்பகுதியை விரலால் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான சிறிய வண்டிகளில் 20 முதல் 35 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கும் என்றாலும், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. ஓரிடத்தில் இறுக்கமும் மற்றோரிடத்தில் தொய்வுமாக இருந்தால், அந்தச் செயினின் காலம் முடிந்துவிட்டது. பின்சக்கர அச்சைப் பின்னுக்குத் தள்ளும் அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டை எட்டியிருந்தாலும் அப்படியே. தொய்வைக் கண்டு பயந்து மிக இறுக்கிவிடவும் கூடாது. பைகளின் பாரத்தில் வண்டி அமுங்கும்போது செயின் மேலும் இறுகி, கியர்பெட்டியின் பேரிங்கை இழுக்கும். புதிய செயின் போட்டால், அதன் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியும், திறந்த முனை எதிர்ப்புறமும் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். மாறிப்போனால் லாக் வழியில் கழன்றுவிடும். 500 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், மழையில் நனைந்த ஒவ்வொரு நாளின் முடிவிலும், செயின் சூடாக இருக்கும்போதே துடைத்து எண்ணெய் விடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, பயணத் திட்டத்திலேயே வண்டிக்கென்று ஒரு நாளை எழுதிவைப்பது. கோலாப்பூர், ஹூப்ளி இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஊர்கள். அங்கிருந்து வீடு இன்னும் தொலைவில் இருப்பதால், ஒத்திப்போடும் எண்ணமும் முற்றியிருக்காது. அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செயினோடு டயர், பிரேக் கட்டை, சக்கரப் பேரிங் ஆகியவற்றையும் அன்றே பார்த்துவிடலாம். குடியாத்தத்து இளைஞரிடம் அரை மணி நேரம் பேசி, சித்ரதுர்காவில் செட்டை மாற்ற வைத்தேன். கழற்றிய செயினைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஒரு கண்ணியின் பக்கத்தகட்டில் மயிரிழைபோல ஒரு விரிசல் இருந்தது.

வந்து சேரும் நேரத்தை வீட்டில் சொல்லிவிடுவது

எந்த நாளில் வருவீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்; மணியைச் சொல்லாதீர்கள்.

பெங்களூருவைப் பகலில் கடப்பது

தும்கூரில் தங்கி, விடியுமுன் கிளம்புங்கள்.

சொந்த மண்ணை வேகமாகக் கடந்துவிடுவது

சித்ரதுர்காக் கோட்டைக்கு அரை நாள் ஒதுக்குபவர்கள், வட ஆற்காடு என்று ஒரே மாவட்டமாக இருந்த நிலப்பகுதிக்குள் நுழைந்ததும் வண்டியை முறுக்குகிறார்கள். ஆம்பூரில் பிரியாணிக்கு மட்டும் நிற்கிறார்கள். அந்த ஆம்பூரில்தான் 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் சந்தா சாகிபையும் பிரெஞ்சுப் படையையும் எதிர்த்துப் போரிட்டு மாண்டார். வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, செய்தி ஆற்காட்டுக்கு எட்டியது. அங்கிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையுடன் சுமார் 25 கிலோமீட்டரைக் கடந்துவந்து, அன்று காலையிலேயே கோட்டையை மீண்டும் பிடித்தார். நீங்கள் வேலூரிலிருந்து ஆற்காட்டுக்குப் போவது, அவர் வந்த அதே தூரத்தை எதிர்த்திசையில் கடப்பதுதான். தூரம் எவ்வளவு குறைவு என்பதை ஓட்டிப் பார்த்து உணரும்போது, அந்தக் காலை எவ்வளவு விரைவாக முடிந்துபோயிற்று என்பதும் புரியும். வேலூர் வழியை நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆற்காட்டில் நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் திரும்புங்கள். 1751இல் கிளைவ் 50 நாள் முற்றுகையைத் தாங்கிய கோட்டையின் எச்சமாகப் பாலாற்றங்கரையில் நிற்கும் வாயிலின் பெயர் டில்லி கேட். டில்லியிலிருந்து வந்த வண்டியை அதன் எதிரே நிறுத்திப் பத்து நிமிடம் நின்றால் போதும்.

வீட்டு வாசலில் பயணத்தை முடித்துவிடுவது

வேலூர்ப் பக்கத்து நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே உரிய தவறு இது. வீடு சாலையின் முடிவில் இல்லை, நடுவில் இருக்கிறது. சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ வண்டியை நிறுத்திப் பைகளை அவிழ்த்தவர், 'மீதியை அடுத்த ஞாயிறு பார்க்கலாம்' என்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து நான் பார்த்ததில்லை. ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை, காவேரிப்பாக்கம், திருப்பெரும்புதூர், பூந்தமல்லி என்று ஊர்கள் இன்னும் இருக்கின்றன. மேற்குப் பெருவழி என்ற பொருளில் ஆங்கிலேயர் பெயரிட்ட சாலையே பின்னாளில் பூந்தமல்லி நெடுஞ்சாலை என்றாகி, சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே போய் நிற்கிறது. வீட்டில் ஓர் இரவு தங்குவதில் தவறில்லை. பைகளை அவிழ்க்காதீர்கள். காலையில் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுக் கிளம்புங்கள். சென்னைக்கு இன்னும் 140 கிலோமீட்டர் இருக்கிறது.