டாலெட்டையும் ரேஷையும் ஒரே வாரத்தில் கற்றுத்தராதீர்கள்: சின்னப் பிள்ளைகளுக்கு ஹீப்ரு

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் யூதர்களின் வழிபாட்டு இல்லமான சினகாக்கை ஒட்டி நடக்கும் ஞாயிறு வகுப்புக்கு வரும் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் பலருக்கு, யூதர்கள் அன்றாடம் சொல்லும் 'ஷெமா' என்ற ஹீப்ரு ஜெபம் ஏற்கெனவே வாயில் இருக்கும். புத்தகத்தை விரித்துவைத்துக் கடகடவென்று சொல்வார்கள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். முதலிலிருந்து முணுமுணுத்துத்தான் அந்த இடத்துக்கு வந்துசேர்வார்கள். அது மனப்பாடம், வாசிப்பு இல்லை. இரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். ஜெபத்தைப் பாட்டாகப் பாடட்டும். எழுத்தை, காதில் விழுந்தே இராத அசைகளில் படிக்கட்டும்.

ஹீப்ருவில் 22 எழுத்துகள், எல்லாம் மெய். உயிரொலி, எழுத்தின் கீழும் மேலும் வரும் புள்ளியும் கோடும். நம் உயிர்மெய் போல மெய்யைச் சொல்லி உயிரைச் சேர்த்தால் போதும். வரி மட்டும் வலமிருந்து இடம் போகும். பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்குக் கண் தானாக இடப்பக்கம்தான் போகும். அதனால் ஒவ்வொரு வரியின் வலது முனையிலும் பச்சைப் புள்ளி வையுங்கள். விரல் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும்.

அகரவரிசையில் தொடங்க வேண்டாம். ஷின், பேட், தாவ் மூன்றையும் முதலில் எடுங்கள். பதா, காமட்ஸ் என்ற இரண்டு குறிகளுக்கும் இன்றைய உச்சரிப்பில் 'அ' ஒலிதான், சேர்த்தே சொல்லித்தரலாம். உடனே 'ஷபாத்' என்று படித்துவிடுவார்கள். 'பாத்' என்றால் மகள். அடுத்து ஆலெஃப் வந்ததும் 'அபா', அதாவது அப்பா. முதல் மாதத்திலேயே பொருளுள்ள சொல் கையில் கிடைத்தால் பிள்ளை விடமாட்டாள். பேட்டின் வயிற்றில் புள்ளி இருந்தால் 'ப', இல்லாவிட்டால் 'வ' ஒலி என்பதையும் அப்போதே காட்டிவிடுங்கள்.

பெரும்பாலான தடுமாற்றம் ஒத்த உருவ எழுத்துகளில்தான். டாலெட்டின் கூரை வலது மூலையில் வெளியே நீண்டு கூராக முடியும். ரேஷின் மூலை வளைந்து இறங்கும். ஹேயின் இடது கால் கூரையைத் தொடாது, ஹெட்டின் கால் தொடும். சாமெக் உருண்டை, சொல்லின் கடைசியில் வரும் மேம் சதுரம். பேட்டும் காஃபும், கிமெலும் நூனும், வாவும் ஸாயினும் இதே கதை. ஜோடியில் ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு, குறைந்தது நான்கு வாரம் கழித்து மற்றதைக் கொண்டுவாருங்கள். ஒன்றாகக் கொடுத்தால் வேறுபாட்டைக் காட்டிவிட்டோம் என்று நமக்குத் தோன்றும்; பிள்ளைக்கோ இரண்டு பெயரும் ஒரே உருவத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ரேஷ் வரும் நாளில், யூத வேதமான தோராவைக் கையால் எழுதிய சுருளின் படம் ஒன்றைக் காட்டுங்கள். ஷெமா வசனத்தின் கடைசிச் சொல் 'எஹாத்', ஒருவர். அதன் டாலெட்டைச் சுருளில் பெரிதாக எழுதுவார்கள். அதை ரேஷாகப் படித்துவிட்டால் 'அஹேர்', வேறொருவர் என்று பொருள் மாறிப்போகும் என்பது மரபு சொல்லும் காரணம். ஒரு மூலைக்கு இவ்வளவு கனமா என்று ஆறு வயதிலேயே புரியும்.

ஆசீர்வாதங்களில் 'பாருக் அதா' என்று தொடங்கும் முதல் ஆறு சொற்கள் பொது. அவற்றை ஒரு அட்டையில் எழுதி, ரொட்டி, திராட்சைச் சாறு, பழம் என முடிவுகளைத் தனித்தனி அட்டையாக்கி மாற்றி மாற்றி வையுங்கள். இறைவனின் நான்கெழுத்துப் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லக் கூடாது. அது எழுதியபடி படிக்கப்படுவதில்லை. முழு உருவமாகவே அடையாளம் காணட்டும். பயிற்சித்தாளில் அந்த இடத்தில் ஹேயும் ஒரு மேற்கோள்குறியும் போதும். முழுப்பெயர் அச்சான தாள் குப்பைக்குப் போகக் கூடாது. 'கெனிஸா' பெட்டியில் சேர்த்து, பிறகு புதைக்கக் கொடுக்க வேண்டும்.

ஹீப்ரு வரியின் அடியில் ஆங்கில எழுத்தில் உச்சரிப்பைப் போடவே போடாதீர்கள். போட்டால் பிள்ளையின் கண் அங்கேதான் போகும், ஹீப்ரு வரி வெறும் அலங்காரமாகிவிடும். பெற்றோருக்கு ஹீப்ரு வாசிக்கத் தெரியாத வீடுகளுக்கு ஒலிப்பதிவு அனுப்புங்கள்.

எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பெசாஹ் பண்டிகை விருந்தில், 'இந்த இரவு ஏன் வேறு?' என்று வீட்டின் கடைக்குட்டி கேட்கும் நான்கு கேள்விகளுக்கு, அதற்கு முன் வரும் பூரிம் பண்டிகை முடிந்ததுமே தயாராகுங்கள். யூத நாட்காட்டியில் ஆதார் மாதம் 14 பூரிம், அடுத்த மாதமான நிசான் 15 பெசாஹ். இடையில் நான்கு ஞாயிறுதான். எல்லாக் கேள்வியிலும் திரும்ப வரும் 'ஷெபெஹோல் ஹலேலோத்' (மற்ற எல்லா இரவுகளிலும்), 'ஹலைலா ஹஸே' (இந்த இரவு) இரண்டையும் முதல் ஞாயிறே படிக்கவைத்துவிடுங்கள். இருமுறை தோய்த்து உண்பது பற்றிய கேள்விதான் நாக்கைப் பிரட்டும். அதற்கு ஒரு ஞாயிறை முழுதாக ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மீதி நாட்களில் பிரித்துக்கொள்ளுங்கள்.