ஒரே கடைக்கு ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும்: ஹோட்டல் ரிவ்யூ படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டவர் ‘ஊரிலேயே இதுதான் பிரியாணி’ என்று எழுதுகிறார். அதே நாள் மூன்றரைக்குப் போனவர் ‘காய்ந்த சோறு, பீஸைத் தேட வேண்டியிருக்கிறது’ என்கிறார். இதைப் படித்தவுடன், ஒருவர் பொய் சொல்கிறார் என்றோ, கடைக்காரர் காசு கொடுத்து எழுத வைத்திருக்கிறார் என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். காசுக்கு எழுதும் ரிவ்யூக்களும் உண்டுதான். ஆனால் பெரும்பாலான நேரம் இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒரே கடையில் இருவரும் வெவ்வேறு சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நேரத்தைக் கவனிக்காமல் விடுவது

தம் உடைத்த முதல் அரைமணி, முக்கால் மணி நேரம்தான் பிரியாணிக்கு நல்ல நேரம். அதற்குப் பிறகு மூடியைத் திறந்து திறந்து மூடுவதில் நீராவி வெளியேறிவிடும். அண்டாவின் ஓரத்துச் சோறு காயும். அடியில் கனல் மிச்சமிருந்தால் கீழ்ச்சோறு குழைந்து பிடிக்கும். மசாலாவும் எண்ணெயும் கீழே இறங்குவதால், மேலாக அள்ளினால் வெளுத்த சோறு வரும். பக்கவாட்டில் அடிவரை வெட்டி எடுத்தால் நிறமும் காரமும் உள்ள சோறு வரும். பரிமாறுகிறவரின் கை எவ்வளவு ஆழம் போகிறது என்பதைப் பொறுத்து அடுத்தடுத்த இலைகளிலேயே சுவை மாறும். சீரகச் சம்பா போட்ட பிரியாணியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். பொடி அரிசி என்பதால் கிளறக் கிளற உடைந்து கட்டி தட்டிவிடும். பீஸும் தீர்ந்த கடைசி நேரத்தில் வருகிறவருக்குக் கிட்டத்தட்ட குஸ்காதான் கிடைக்கிறது.

டிபன் கடையிலும் இதே கதைதான். சென்னையின் மே மாத வெக்கையில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும் இட்லி மாவுக்கு, ஊட்டிக் குளிரில் ஓர் இரவு முழுக்கப் போதாது. காலைக்குச் சரியாக இருந்த மாவை வெளியிலேயே வைத்திருந்தால் மாலைக்குள் புளிப்பு ஏறிவிடும். ‘தோசை புளிக்கிறது’ என்ற குறை சாயங்கால ரிவ்யூக்களில் மட்டும் வந்தால், கடையில் மாவைக் குளிரில் வைக்கவில்லை என்று புரிந்துகொண்டு காலையில் போகலாம்.

காபியில் இரண்டு விஷயங்கள். முதல் டிகாக்ஷன் கிடைத்தவருக்கு மணம் கிடைக்கும், அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கிய டிகாக்ஷனில் கசப்புதான் மிஞ்சும். இன்னொன்று சிக்கரி. காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அந்த எல்லைக்குள் 80-20 போடும் கடையும் இருக்கிறது, 60-40 போடும் கடையும் இருக்கிறது. சிக்கரி நிறத்தையும் கெட்டித்தன்மையையும் தரும், காபி மணத்தைத் தராது. அந்தக் கெட்டிக்குப் பழகியவர் சிக்கரி இல்லாத காபியைக் குடித்துவிட்டு ‘தண்ணியாக இருக்கிறது’ என்று எழுதினால் ஆச்சரியமில்லை.

எழுதியவர் எந்த ஊர் நாக்கு என்று பாராமல் இருப்பது

திண்டுக்கல் பிரியாணி என்றால் சீரகச் சம்பா, மிளகின் காரம், தயிரும் எலுமிச்சையும் தரும் லேசான புளிப்பு. ஆம்பூரில் காய்ந்த மிளகாய் விழுதுதான் நிறமும் காரமும். அங்கே அரிசியை முக்கால் பதம் வேகவைத்து வடித்து, தனியே வெந்த கறி மசாலாவோடு சேர்த்துத் தம் போடுவார்கள்; தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்திரிக்காய். ஹைதராபாத்தின் கச்சி முறையில் ஊறவைத்த பச்சைக் கறியை அடியில் பரப்பி, அதன்மேல் அரைவேக்காட்டு பாசுமதியைப் போட்டு மூடுவார்கள். பாசுமதியில் வளர்ந்தவர் திண்டுக்கல் கடைக்குப் போய் ‘அரிசி குட்டையாக இருக்கிறது’ என்று ஒரு நட்சத்திரம் போடுகிறார். அந்தக் குறை அரிசி ரகத்தின்மேல்தான். கடைக்காரர் அதற்கு என்ன செய்வார்?

சாம்பாரில் சண்டை இன்னும் பெரிது. உடுப்பிப் பாணியில் வெல்லம் சேரும். அதைத்தான் ‘ஹோட்டல் சாம்பார்’ என்று சிலர் கொண்டாடுவார்கள். மதுரைப் பக்கத்துக்காரருக்கு அது பாயசம்.

காரத்தைப் பற்றி ஒருவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவே கூடாது. மிளகாயிலுள்ள கேப்சைசின், நாக்கில் சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு முனைகளைத்தான் தூண்டுகிறது. அடிக்கடி காரம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த உணர்ச்சி மழுங்கிப்போகும். அதனால் ‘காரம் அதிகம்’ என்பதும் ‘காரமே இல்லை’ என்பதும் ஒரே குழம்பைப் பற்றியதாக இருக்கலாம். கொத்தமல்லித் தழை சிலருக்கு சோப்பு வாடை அடிப்பதில்கூட மரபணுவுக்குப் பங்கு உண்டு. சளி பிடித்தவர் சொல்லும் ருசியைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கினுடையது.

சராசரியைப் பார்த்து முடிவெடுப்பது

100 பேரில் 70 பேர் ஐந்தும் 30 பேர் ஒன்றும் போட்டால் சராசரி 3.8. 80 பேர் நான்கும் 20 பேர் மூன்றும் போட்டாலும் அதே 3.8. முதல் கடையில் பத்தில் மூன்று பேர் கடுப்போடு எழுந்து போகிறார்கள். இரண்டாவது கடையில் யாருக்கும் பெரிய ஏமாற்றம் இல்லை. அம்மா அப்பாவைக் கூட்டிப் போவதென்றால் இரண்டாவதுதான் சரி. ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில், எத்தனை நட்சத்திரத்தை எத்தனை பேர் போட்டார்கள் என்று காட்டும் ஐந்து பட்டைகளையும் பாருங்கள். எத்தனை பேர் போட்டது என்பதும் முக்கியம். பத்துப் பேர் ஐந்து போட்ட புதுக்கடைக்கு ஒரே ஒருவர் ஒன்று போட்டால் 5.0 என்பது 4.6 ஆகிவிடும். ஆயிரம் பேர் போட்ட கடையில் அது அசையக்கூடச் செய்யாது. ‘சுமார்தான்’ என்று நினைத்தவர் பெரும்பாலும் எழுதுவதே இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். எழுதத் தூண்டுவது மகிழ்ச்சி அல்லது ஆத்திரம்.

பார்சலையும் இலையையும் ஒன்றாகப் பார்ப்பது

நெய் ரோஸ்ட்டை மூடிய டப்பாவில் அரைமணி வைத்தால், அதன் ஆவியே அதை நமுக்க வைத்துவிடும். உளுந்து வடையும் பூரியும் அப்படியே. கொத்து பரோட்டா, சாம்பார் சாதம், பிரியாணி ஆகியவை பயணத்தைத் தாங்கும். ‘தோசை தோல் மாதிரி இருந்தது’ என்ற ரிவ்யூவில் டெலிவரி பற்றிய பேச்சு இருந்தால், உட்கார்ந்து சாப்பிடப் போகிறவர் அதைத் தாண்டிப் போகலாம்.

கிளை எது, எப்போது எழுதியது என்பதும் இதே வகைதான். ஒரே பெயர்ப் பலகை, வேறு மாஸ்டர். மாஸ்டர் மாறினால் கடையே மாறும். புதிய ரிவ்யூ முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, ஓராண்டுக்கு முந்தையதை விட்டுவிடுங்கள்.

எல்லாக் குறையையும் சாப்பாட்டின் தலையில் கட்டுவது

உணவகங்களைத் தரம் பார்க்கும் பிரெஞ்சு வழிகாட்டியான மிஷ்லன் கையேடு நட்சத்திரம் தரும்போது பார்ப்பது தட்டில் உள்ளதை மட்டும்தான். அலங்காரமும் பணிவிடையும் அதில் சேராது. பலமுறை போனாலும் ஒரே தரமா என்பதையும் அதன் ஆய்வாளர்கள் பார்ப்பார்கள். நாம் ஒரே ஒருமுறை போய், பார்க்கிங், ஏசி, தண்ணீர் வைக்கத் தாமதம், பில் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் போட்டு அடைக்கிறோம். ஒரு நட்சத்திர ரிவ்யூக்களை முதலில் வாசித்து, எத்தனை உணவைப் பற்றியவை என்று பிரித்தாலே பாதிக் குழப்பம் தீரும். பழைய எண்ணெய் வாடை, ஊசிப்போன சட்னி, வயிற்றுக் கோளாறு ஆகியவை சமீபத்தில் இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்திருந்தால், சராசரி 4.5 ஆனாலும் போக வேண்டாம்.

கடைக்குக் கை வராத பதார்த்தத்தைக் கேட்டுவிட்டுக் கடையைத் திட்டுவது தனி ரகம். மீன் குழம்புக்குப் பெயர்போன மெஸ்ஸில் பனீர் பட்டர் மசாலா சொன்னால், எப்போதோ ஒருமுறை செய்கிற கை எப்படிச் செய்யுமோ அப்படித்தான் வரும். ரிவ்யூ தேடும் பெட்டியில் கடைப் பெயரோடு நிற்காமல் நீங்கள் சாப்பிடப் போகும் பதார்த்தத்தின் பெயரையும் தட்டுங்கள். நீங்கள் எழுதும்போது பதார்த்தம், கிளை, கிழமை, மணி, இலையா பார்சலா, எத்தனை பேருக்கு எவ்வளவு பில் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். ‘செம’, ‘மொக்கை’ என்பதை வைத்து யாராலும் எதையும் முடிவுசெய்ய முடியாது.