நெல்தாள் மக்க வேண்டுமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நெல் அறுப்பு மெஷின் வயலை விட்டு ஏறியதும், வயலில் மிஞ்சும் அடிக்கட்டையும் வைக்கோலுமான தாளுக்குத் தீ வைப்பவர்கள் காவிரி டெல்டாவில் இன்னும் இருக்கிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். தாளில் உள்ள தழைச்சத்து புகையோடு போகிறது. தாளுக்கு அடியில் ஒதுங்கியிருக்கும் மரவட்டை, கரையான், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் குதிபூச்சிகள் எல்லாம் கருகிவிடுகின்றன. சம்பா அறுத்த வயலுக்கு என்ன அவசரம்? மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 வரை மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது.

தாளைக் கடைசியில் சத்தாக மாற்றுவது பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். ஆனால் நெல்தாளின் மேல்தோலில் சிலிக்கா ஏறியிருப்பதால் அவை லேசில் உள்ளே புக முடியாது. மரவட்டை கடித்து நொறுக்கியபின் வழி திறக்கிறது. அதன் எச்சத்தில் பூஞ்சை சுலபமாகப் படர்கிறது. மண்புழு அதையும் தின்று மண்ணோடு கலக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரே எடையுள்ள சருகை இரண்டு வலைப்பைகளில் போட்டுத் தோப்பில் வையுங்கள். ஒன்று பூச்சி நுழையாத பொடிக்கண் வலை, மற்றது பெரிய கண் வலை. சில மாதம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் பெரிய கண் பையில்தான் மிச்சம் குறைவாக இருக்கும். மண் ஆய்வாளர்களும் இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

அடுத்தது, தாளை மடக்கி உழுத கையோடு தண்ணீர் கட்டி நடுவது. நீர் நின்றால் மண்ணில் காற்று இருக்காது. தோலால் மூச்சுவிடும் மண்புழு வரப்புக்கு ஏறிவிடும். காற்றில்லாமல் அழுகும் தாளிலிருந்து வரும் அமிலம் இளம் வேரைக் கெடுக்கும், நாற்று மஞ்சளாகும். குறுவை அறுப்புக்கும் அடுத்த போகமான தாளடி நடவுக்கும் நடுவே நாள் கிடைப்பது கஷ்டம்தான். ஆனாலும் 2, 3 வாரம் விட முடிந்தால் விடுங்கள். முடியாவிட்டால் பாதித் தாளையாவது வாரி மேட்டில் குவித்து, சாணிக்கரைசல் தெளித்து மக்கவிடுங்கள்.

நடவு வயல் சேற்றில் தலையைப் புதைத்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய சிவப்புப் புழுக்களைப் பார்த்துப் பயந்து குருணை மருந்து போடாதீர்கள். அவை வேரைத் தின்பதில்லை. அடிச்சேற்றைத் தின்று மேலே தள்ளிக் கிளறிவிடுகின்றன.

கரையான் விஷயத்திலும் இதே பயம். கரும்புக் கரணையையும் தென்னங்கன்றையும் காக்க வேண்டியதுதான். காய்ந்து விழுந்த மட்டையில் ஏறும் கரையானை விட்டுவிடலாம். மழைக்குப் பின் நாம் தேடிப் பறிக்கும் புற்றுக்காளான், கரையான் வளர்க்கும் பூஞ்சையிலிருந்துதான் முளைக்கிறது.

அப்புறம், மண்புழு உரத்தொட்டியில் வளர்க்கும் புழுவை விலைக்கு வாங்கி வயலில் விடுவது. பலர் வளர்ப்பது ஆப்பிரிக்கப் புழு. சாணியும் குப்பையும்தான் அதற்கு வீடு, வெறும் வயல் மண்ணில் தங்காது. நம் மண்ணுக்கு உரிய புழு வரப்பின் ஈரத்திலேயே இருக்கிறது. தாளையோ சருகையோ மண்மேல் பரப்பி மூடாக்குப் போட்டு வையுங்கள், தானே வரும்.