‘இவ்வளவுதானா?’: பழைய ஐரோப்பிய ஓவியங்களைப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் மோனா லிசாவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பலருக்கும் முதலில் தோன்றுவது, “இவ்வளவு சின்னதா?” என்பதுதான். உயரம் 77 செ.மீ., அகலம் 53 செ.மீ. ஃபோன் திரையில் எல்லா ஓவியமும் ஒரே அளவு என்பதால் வருகிற ஏமாற்றம் இது. அதே அறையின் எதிர்ச்சுவரில் வெரொனேசே 1563-இல் தீட்டி முடித்த ‘கானாவூர்த் திருமணம்’ ஏறக்குறைய 10 மீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. கூட்டமோ அதற்கு முதுகைக் காட்டி நிற்கும். திரையில் பார்க்கும்போதே அளவைத் தேடிப் படித்துவிடுங்கள். வீட்டுச் சுவரில் டேப் வைத்துக் குறித்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

‘ஒரே இருட்டு, சோகமான படம்’ என்று முடிவுகட்டுவது இதைவிடப் பெரிய தவறு. ஊர்க்காவல் படையினரை ரெம்பிராண்ட் 1642-இல் தீட்டிய ‘இரவுக் காவல்’ உண்மையில் பகல் காட்சி. மேலே பூசிய வார்னிஷ் கருத்து, அழுக்கும் படிந்த பிறகு ஒட்டிக்கொண்ட பெயர் அது. சந்தேகமிருந்தால் நிழலைத் தேடுங்கள்: படைத்தலைவர் நீட்டிய கையின் நிழல், பக்கத்தில் நிற்பவரின் மஞ்சள் அங்கியில் தெளிவாக விழுகிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதன்மேல் விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மனநிலையைப் பற்றிப் பேச வேண்டும். படம் நெருக்கியடித்துத் தெரிவதற்கும் காரணம் உண்டு. 1715-இல் வேறு கட்டடத்துக்கு மாற்றியபோது நான்கு பக்கமும் வெட்டினார்கள். இடப்பக்கம்தான் அதிகம் போயிற்று. வெர்மீரின் ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ணுக்குப் பின்னால் உள்ள கறுப்பும் அப்படித்தான். அங்கே ஒரு பச்சைத் திரைச்சீலை இருந்தது, சாயம் போய்விட்டது. ‘இருளிலிருந்து எழும் முகம்’ என்று கவிதை எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

யான் வான் ஐக்கின் ‘அர்னோல்ஃபினி’ ஓவியத்தில் (1434) இருக்கும் பெண்ணைக் கர்ப்பிணி என்று சொல்லாதவர் குறைவு. அவர் கனத்த அங்கியை அள்ளி வயிற்றருகே பிடித்திருக்கிறார். அக்கால உடையின் பாணி அது. வான் ஐக் 1437-இல் தீட்டிய, மணமாகாத புனித கத்தரீனாவுக்கும் இதே வயிறுதான்.

பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லலாம். எந்த இடம் பிடிக்கவில்லை என்று விரலால் காட்ட முடிந்தால் போதும். விவர அட்டையை முதலில் படித்தால் அட்டை சொன்னதை மட்டுமே கண் தேடும். இரண்டு நிமிடம் படத்தைப் பார்த்துவிட்டு அட்டைக்குப் போங்கள். இணையத்தில் பார்ப்பதானால் அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். மற்ற இடங்களில் நிறம் ஆளுக்கொன்றாக இருக்கும். ‘இரவுக் காவ’லை, அது இருக்கும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் 717 கிகாபிக்சல் (ஒரு கிகாபிக்சல் என்பது நூறு கோடிப் புள்ளிகள்) படமாகவே தந்திருக்கிறது, வண்ண விரிசல்கூடத் தெரியும்.

நேரில் பார்க்கிறவர்கள் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். முழுப் படமும் கண்ணுக்குள் அடங்கும் தூரத்தில் தொடங்கி, தடுப்புக் கயிறு வரை நெருங்கி, பிறகு பக்கவாட்டில் நகர வேண்டும். வார்னிஷில் விளக்கொளி பட்டுக் கண் கூசினாலும் இரண்டடி நகர்ந்தால் சரியாகும். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள ஹோல்பைனின் ‘தூதர்கள்’ (1533) இப்படி நகராதவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும். கீழே கிடக்கும் கோணல்மாணலான வடிவம், வலப்பக்கச் சுவரோரமாக நின்று பார்த்தால் மண்டையோடாகிவிடும். அந்தத் திருப்தியில் அடுத்த அறைக்குக் கிளம்பிவிடாதீர்கள்: இடது மேல் மூலையில், பச்சைத் திரைக்குப் பின்னால், சிலுவையில் இயேசு பாதி மறைந்திருக்கிறார்.