செம்பனை நிரையில் அதிசயம் காண ஒரு வழிமுறை

சிலாங்கூர் ஆற்றையொட்டிய பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புற ஊர்களில் குடியிருப்போர், அதிசயம் காண கேமரன் மலைக்கோ கடற்கரைக்கோ போக வேண்டும் என்று எண்ணுவது வழக்கம். வீட்டுக்குப் பின்னாலுள்ள செம்பனை (எண்ணெய்ப்பனை) நிரையே போதும். ஆனால் முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு விவரம் அறிந்தவரைக் கேட்க வேண்டும், தேடிப் படிப்பது அதற்கும் பிறகுதான். புலனத்தில் (வாட்ஸ்அப்) நாள்தோறும் வந்து குவியும் 'உங்களுக்குத் தெரியுமா' செய்திகள் மனத்தில் தங்காததற்கு, கேள்வி எழும் முன்பே விடை வந்து சேர்வதுதான் காரணம் என்பது என் கருத்து.

காலை வெயில் ஏறும் வேளையில், தோட்டக் கண்காணியான மண்டோரிடம் சொல்லிவிட்டு, நீண்ட சப்பாத்து அணிந்துகொண்டு செல்லுங்கள். பாம்பு பயம் தோட்டத்தில் எப்போதும் உண்டு. மட்டையின் இடுக்கில், விரல்களைச் சேர்த்துக் கட்டியதுபோல் ஆண்பூங்கொத்து நிற்கும். அது மலர்ந்திருந்தால் சோம்பு மணம் வீசும். சற்று நேரம் அசையாமல் நின்றால், 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளமுள்ள கரும்பழுப்பு வண்டுகள் பூவிரல்களுக்கிடையே புகுந்து, மேலெல்லாம் மகரந்தத் தூளுடன் வெளிவருவதைக் காணலாம்.

இனி, தோட்டத்தில் வேலை செய்த பாட்டி ஒருவரிடம் அந்தக் காலத்தில் இந்தப் பூவுக்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். மகரந்தத்தைக் கையால் தூவித் திரிந்த கதையை அவர் சொல்லக்கூடும். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தென்னமாராமில் தொடங்கியது. மேற்கு ஆப்பிரிக்க மரமான செம்பனை இங்கு வந்தபோது, அதற்குரிய வண்டு உடன் வரவில்லை. ரகுமான் சையது என்னும் பூச்சியியல் அறிஞர், காற்றைவிட வண்டே அம்மரத்தின் மகரந்தத்தைச் சுமக்கிறது என்பதைக் கேமரூனில் ஆராய்ந்து காட்டிய பின்னர், 1981இல் அது மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. வண்டு முட்டையிட்டுப் பெருகுவது ஆண்பூவில்தான். பெண்பூவும் இடையிடையே அதே மணத்தை வீசி அதை ஏமாற்றி வரவழைக்கிறது. ஆயுத பூசையன்று நம்மவர்கள் பால்வெட்டும் உளியையும் அரிவாளையும் அம்மன் முன் வைத்து வணங்குகிறார்கள். அந்த வணக்கத்தில் ஒரு பங்கு, ஊதியமின்றி உழைக்கும் இந்த வண்டுக்கும் உரியது என்று நினைத்துக்கொண்டு பூசையில் நின்று பாருங்கள்.

அடுத்த துணை, சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டி. அமாவாசையன்று முன்னோருக்குப் படைத்து முடித்த பின், ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள கம்போங் குவாந்தானுக்குச் சென்றால், பெரெம்பாங் என்னும் ஆற்றங்கரை மரங்களில் ஆண் மின்மினிகள் நொடிக்கு ஏறத்தாழ 3 முறை ஒருசேர ஒளிர்வதைப் படகிலிருந்து காணலாம். அவற்றின் புழுக்கள் ஆற்றங்கரையின் ஈர மண்ணில் நத்தைகளைத் தின்று வளர்வதால், கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று புதர்களை வழிப்பது தவறு. கைப்பேசி விளக்கையும் எரியவிடாதீர்கள்.

கார்த்திகை தீபத்தன்று கோயிலில் சொக்கப்பனை கொளுத்தியதும் கிழக்கே நோக்குங்கள். நிலவு நிற்பது கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் அருகில்தான். விழாவின் நாளைக் குறிப்பதே அந்தச் சேர்க்கை. நிலவொளியில் கூட்டம் மங்கித் தெரியும் என்பதால், கையை நீட்டிக் கட்டைவிரலால் நிலவை மறைத்துக்கொள்ள வேண்டும். அந்த விண்மீன்களின் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 440 ஆண்டுகள் ஆகின்றன. அந்த மாதத்தில் இங்கு மழை முகில் மறைப்பது சாதாரணம். அப்படியானால் தைப்பூசம் வரை காத்திருந்து, பூச விண்மீன் கூட்டத்தை நிலவு தேய்ந்த பிறகு தேடலாம், ஆனால் அது மங்கலானது என்பதால் இருகண்நோக்கி ஒன்றை இரவல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.