"நல்லா இருக்கு" தவிர வேறு பெயரடை வராத குழந்தைக்கு: என் அனுபவம்

மூன்று, நான்கு வயதில் எதைக் காட்டினாலும் "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லும் குழந்தைகளிடம் பெயரடைகளை, அதாவது 'பெரிய', 'சின்ன' போலப் பொருளின் தன்மையைச் சொல்லும் சொற்களை, வரவழைக்க எனக்குப் பலன் தந்த முறை இது.

ஒரே மாதிரி இரண்டு பொருள்களை எடுங்கள். வேறுபாடு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பெரிய சிவப்புப் பந்தையும் சிறிய நீலப் பந்தையும் வைத்தால், 'பெரிய' என்பதை நிறத்தின் பெயராகக்கூடக் குழந்தை எடுத்துக்கொள்ளும். நிறம் ஒன்றாகவே இருக்க, அளவு மட்டும் மாறட்டும். பிறகு பெரிய கரண்டி, பெரிய பெட்டி என்று பொருளை மாற்றுங்கள். இல்லாவிட்டால் சொல் பந்தோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்ததாக ஒரு நடுத்தரப் பந்து. சின்னதன் பக்கத்தில் அது பெரியது, பெரியதன் பக்கத்தில் சின்னது. இங்கேதான் பல குழந்தைகள் திணறும், அவசரம் வேண்டாம்.

"இது எப்படி இருக்கு?" என்று கேட்டால் பழைய பதிலே வரும். பந்துகளைக் கைக்கு எட்டாமல் வைத்து, "எந்தப் பந்து வேணும்?" என்று கேளுங்கள். வெறுமனே கை நீட்டினால், "பெரிய பந்தா, சின்னப் பந்தா?" பதில் வந்ததும் உடனே கொடுத்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். "பெரிசு" என்று மட்டும் சொன்னால் திருத்தாமல், "ஆமா, பெரிய பந்து" என்று நீட்டிச் சொன்னால் போதும்.

சொரசொரப்பு, வழவழப்புக்குத் துணிப்பைக்குள் கைவிட்டுத் துழாவும் விளையாட்டே சுலபம். நிறங்களைக் கடைசியில்தான் எடுப்பேன்.